வருஷத்துக்குப் பத்து நாள்

போன மாதம் எங்கள் துறையில் ஒரு சின்ன சம்பவம். முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும் ஒரு அக்கா (சீனியர் எல்லோருமே எங்களுக்கு அக்கா, அண்ணன்தான்) இரண்டு நாள் லேப் பக்கமே வரவில்லை. கைடுக்கு "காய்ச்சல் சார்" என்று தகவல் சொல்லியிருந்தார். உண்மையில் காய்ச்சலும் இல்லை, தலைவலியும் இல்லை. ஆய்வுக் கட்டுரை எழுதுவது எப்படி என்று வெளியூரில் நடந்த ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கிறார். அதுவும் சொந்தக் காசில்.

"உண்மையைச் சொல்லிட்டே போயிருக்கலாமே அக்கா?" என்று கேட்டேன்.

"சொன்னா, 'அந்த ரெண்டு நாள் உன் வேலையை யார் பார்ப்பா?'ன்னு கேட்பார்டா. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை."

நானும் அடுத்த வருஷம் ஆராய்ச்சிக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவன். அதனால் அந்த பதில் மனதிலேயே நின்றுவிட்டது. ஒரு ஆராய்ச்சியாளர் தன்னை வளர்த்துக்கொள்ளச் செலவு செய்யும் நேரம் யாருடைய நேரம்? அவருடையதா, கைடுடையதா, சம்பளம் கொடுப்பவருடையதா? இதை யாராவது எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தேன். எழுதி வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில். அதற்கு ஒரு எண்ணிக்கைகூட இருக்கிறது: வருஷத்துக்குப் பத்து நாள். அந்தப் பத்து நாள் எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :)

பட்டமே இல்லாத காலம்

கதையை நமக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து தொடங்கலாம். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்தார் ராமானுஜன். 1913 மே மாதத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது, இரண்டு ஆண்டுகளுக்கு. அவரிடம் பட்டம் எதுவும் இல்லாததால் விதியைத் தளர்த்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பதிலுக்கு அவர் செய்ய வேண்டியது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் ஆராய்ச்சி பற்றி ஓர் அறிக்கை கொடுப்பது. அவ்வளவுதான். அந்த 75 ரூபாய் உண்மையில் அவருக்கு வாங்கிக் கொடுத்தது நேரத்தை. கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுக் கணிதம் செய்யும் நேரம்.

அடுத்த ஆண்டு அவர் கேம்பிரிட்ஜ் போனது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத விஷயம், 1916-ல் அங்கே அவருக்குக் கிடைத்த பட்டம் பி.எச்.டி. இல்லை, ஆராய்ச்சிக்கான பி.ஏ. அவருடைய ஆய்வுக்குத் தகுதி போதாது என்பதால் இல்லை. கேம்பிரிட்ஜில் அப்போது பி.எச்.டி. என்று ஒரு பட்டமே கிடையாது!

ஆராய்ச்சியையே ஒரு படிப்பாக்கி அதற்கு டாக்டர் பட்டம் கொடுக்கும் வழக்கம் ஜெர்மனியில் வளர்ந்தது. 1810-ல் தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகம் அதற்கு முன்மாதிரி. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1861-ல் முதன்முதலாக மூன்று பேருக்கு பி.எச்.டி. கொடுத்தது. பிரிட்டன்தான் கடைசியாக வந்து சேர்ந்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1917-ல், ஆக்ஸ்ஃபோர்டு இந்தப் பட்டத்தை அறிமுகம் செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் மற்ற பல்கலைக்கழகங்களும் தொடங்கின. அதற்கு ஒரு முக்கியக் காரணம், மேல்படிப்புக்காக ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்த அமெரிக்க மாணவர்களைத் தங்கள் பக்கம் இழுப்பது.

இதைக் கொஞ்சம் கவனியுங்கள். இந்தப் பட்டத்தை உருவாக்கும்போது, 'படித்து முடித்தவர் அப்புறம் என்ன செய்வார்?' என்பது பெரிய கேள்வியாகவே இல்லை. ஒரு பேராசிரியர், அவரிடம் ஒரு மாணவர், மூன்று வருஷம், ஒரு ஆய்வேடு. கிட்டத்தட்ட நம்ம ஊர் குருகுலம் மாதிரி. ஆராய்ச்சியைக் குருவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். மற்றதெல்லாம் தானாக வரும் என்று விட்டுவிட்டார்கள்.

தானாக வந்த காலமும், வராமல் போன காலமும்

கொஞ்ச காலம் தானாகவும் வந்தது. 1963-ல் ராபின்ஸ் குழு அறிக்கை வெளியானது. உயர்கல்வியைப் பெரிய அளவில் விரிவாக்கச் சொன்ன அறிக்கை அது. 1960களில் புதிய பல்கலைக்கழகங்கள் வரிசையாக வந்தன. பாடம் நடத்த ஆள் தேவைப்பட்டது. ஆய்வு முடித்தவருக்கு விரிவுரையாளர் வேலை கிடைப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

அந்தக் காலத்திலேயே, 1968-ல், ஆராய்ச்சிக் கவுன்சில்கள் (அரசுப் பணத்தை ஆராய்ச்சிக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்புகள்) ஆய்வு மாணவர்களுக்குச் சில நாள் தங்கிப் படிக்கும் முகாம்களைத் தொடங்கின. பல்கலைக்கழகத்துக்கு வெளியே என்ன வேலை இருக்கிறது, குழுவாக வேலை செய்வது எப்படி என்று சொல்லிக் கொடுக்கும் முகாம்கள். நல்ல முயற்சிதான். ஆனால் வாழ்க்கையில் ஒருமுறை போய்வரும் சுற்றுலா மாதிரி அது. திரும்பி வந்தால் அதே லேப், அதே மேஜை.

அப்புறம் காற்று மாறியது. 1981-ல் தாட்சர் அரசு பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்கும் பணத்தை வெட்டியது. 1988 கல்விச் சீர்திருத்தச் சட்டம், பேராசிரியர்களுக்கு இருந்த 'ஆயுள் முழுக்க வேலை' என்ற பாதுகாப்பைப் புதிதாகச் சேருபவர்களுக்கு இல்லாமல் செய்தது. நிரந்தர வேலைகள் சுருங்கின. ஆனால் ஆராய்ச்சி சுருங்கவில்லை! திட்டத்துக்கு இவ்வளவு என்று பணம் வந்தது. அந்தத் திட்டத்துக்கு இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஆள் எடுத்தார்கள். திட்டம் முடிந்தால் ஆளும் வெளியே. வேறு திட்டம் கிடைத்தால் திரும்பவும் உள்ளே. இப்படி ஒப்பந்தத்திலிருந்து ஒப்பந்தத்துக்குத் தாவியே நாற்பது வயதைத் தொட்டவர்கள் உருவானார்கள்.

இவர்கள் மாணவர்களும் இல்லை, ஆசிரியர்களும் இல்லை. மாணவர்களுக்கு உள்ள பயிற்சி இவர்களுக்குக் கிடையாது. ஆசிரியர்களுக்கு உள்ள பதவி உயர்வும் கிடையாது. பல்கலைக்கழகத்தைக் கேட்டால், "சம்பளம் திட்டத்திலிருந்து வருகிறது, பணம் கொடுப்பவரைக் கேளுங்கள்." பணம் கொடுப்பவரைக் கேட்டால், "வேலைக்கு வைத்திருப்பது பல்கலைக்கழகம், அங்கே கேளுங்கள்." பந்தை இரண்டு பக்கமும் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

முதல் உடன்பாடு - 1996

ஒருவழியாக 1996-ல் இரண்டு பக்கமும் ஒரே மேஜையில் உட்கார்ந்தன. துணைவேந்தர்கள் குழு, ஆராய்ச்சிக் கவுன்சில்கள், ராயல் சொசைட்டி, பிரிட்டிஷ் அகாதமி போன்றவை சேர்ந்து ஒரு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அதன் பெயர் 'கான்கார்டாட்'. ஒப்பந்த ஆராய்ச்சியாளர்களின் பணிவாழ்க்கையைப் பற்றிய உடன்பாடு. இவர்களை முறையாக நிர்வகிக்க வேண்டும், ஆலோசனை தர வேண்டும், பயிற்சி தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது.

இல்லாதது என்ன? பணம். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதும் இல்லை. நல்ல மனசோடு எழுதிய காகிதம். அதில் சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க அடுத்த ஆண்டே ஒரு குழு போட்டார்கள். அதற்குத் தலைவர் சர் கரேத் ராபர்ட்ஸ். வேல்ஸில் பிறந்த இயற்பியலாளர். அப்போது ஷெஃபீல்டு பல்கலைக்கழகத் துணைவேந்தர். இந்தக் கதையின் ஹீரோ என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் இவரைச் சொல்லலாம். காகிதத்துக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர்.

ராபர்ட்ஸ் பணம் - 2002

அந்தச் சமயத்தில் பிரிட்டன் அரசுக்கு வேறொரு கவலை. தொழில்துறைக்குத் தேவையான விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் கிடைக்கவில்லை. அதை ஆராய ராபர்ட்ஸையே கூப்பிட்டார்கள். 2002 ஏப்ரலில் அவருடைய அறிக்கை வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து தொழிற்சாலை வரை எல்லாவற்றையும் பேசும் பெரிய அறிக்கை. அதில் ஆராய்ச்சியாளர்களைப் பற்றி அவர் சொன்னவற்றில் முக்கியமானவை:

முதலாவது, ஆய்வு மாணவர்களின் உதவித்தொகையை உயர்த்த வேண்டும். இதன்படி குறைந்தபட்சத் தொகையை 2005-06க்குள் ஆண்டுக்கு 12,000 பவுண்டுக்குக் கொண்டுவர அரசு ஒப்புக்கொண்டது.

இரண்டாவது, ஆய்வு மாணவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரமாவது ஆராய்ச்சிக்கு வெளியே பயிற்சி வேண்டும். எழுதுவது, பேசுவது, ஒரு திட்டத்தை நிர்வகிப்பது, வேலை தேடுவது... இப்படி. முனைவர் பட்டம் முடித்து ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கும் அதே இரண்டு வாரம். கூடவே, 'நீ எங்கே போகப் போகிறாய்' என்று தெளிவாக எழுதிய ஒரு திட்டமும் வேண்டும்.

மூன்றாவது, போகும் பாதை ஒன்றே ஒன்று இல்லை. பேராசிரியர் ஆவது ஒரு பாதை, தொழில்துறைக்குப் போவது ஒரு பாதை, ஆராய்ச்சியாளராகவே தொடர்வது ஒரு பாதை. மூன்றுக்கும் தயார்படுத்த வேண்டும்.

எனக்குப் பிடித்தது இந்த மூன்றாவதுதான். பேராசிரியர் ஆகாதவர் எல்லாம் தோற்றுப்போனவர் என்ற எண்ணத்தை ஒரு அரசு அறிக்கை வெளிப்படையாக மறுத்தது பெரிய விஷயம்.

ஆனால் உண்மையில் வேலை செய்தது இதெல்லாம் இல்லை... பணம்! அரசு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. பல்கலைக்கழகங்கள் அதை வேறு எதற்கும் செலவு செய்ய முடியாது. கட்டடத்துக்கு வெள்ளையடிக்க முடியாது, புது கருவி வாங்க முடியாது. ஆராய்ச்சியாளர்களின் பயிற்சிக்கு மட்டும்தான். என்ன செய்தீர்கள் என்று ஆராய்ச்சிக் கவுன்சில்களுக்கு ஆண்டுதோறும் அறிக்கை வேறு கொடுக்க வேண்டும். எல்லோரும் இதை 'ராபர்ட்ஸ் பணம்' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இந்தப் பணம் வந்த பிறகுதான் பல பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே தனியாக ஆட்களை வேலைக்கு வைத்தார்கள். வகுப்புகள் நடந்தன. ஆராய்ச்சி மாணவர்களுக்கென்றே வேலை ஆலோசகர்கள் வந்தார்கள். முணுமுணுப்பும் இல்லாமல் இல்லை. "லேபில் இருக்க வேண்டிய பையனை 'தலைமைப் பண்பு' வகுப்புக்கு அனுப்பினால் சோதனையை யார் செய்வது?" என்று கேட்ட கைடுகள் அங்கேயும் உண்டு. அக்காவின் கைடு கேட்கக்கூடிய அதே கேள்வி! ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே மாணவர் பொய் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு வாரத்துக்குப் பணம் கொடுத்தவரே 'போ' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ராபர்ட்ஸ் 2007-ல் காலமானார். அவர் பெயர் கொண்ட பணம் 2011 மார்ச் வரை வந்தது. அதன்பின் தனி ஒதுக்கீடு நின்றுபோனது. பொதுவான ஆராய்ச்சி நிதியோடு கலந்துவிட்டது.

ஒரு கசப்பான கணக்கு

இதற்கிடையில் 2008-ல் உடன்பாட்டைத் திருத்தி எழுதினார்கள், ஏழு கோட்பாடுகளோடு. அதே ஆண்டில் 'வைட்டே' என்ற தேசிய அமைப்பு உருவானது. ஒரு ஆராய்ச்சியாளருக்கு என்னென்ன திறமை தேவை என்று அது 2010-ல் ஒரு பட்டியல் போட்டது. நான்கு பெரும் பிரிவு, மொத்தம் 63 திறமைகள். (63 என்றதும் எனக்கு நாயன்மார்கள்தான் ஞாபகம் வந்தார்கள்!)

அதே 2010-ல் ராயல் சொசைட்டி ஒரு படம் வெளியிட்டது. அறிவியலில் முனைவர் பட்டம் முடிப்பவர்கள் எங்கே போகிறார்கள் என்ற படம். அதன்படி 100 பேரில் 53 பேர் பட்டம் முடிந்ததுமே அறிவியலுக்கு வெளியே போய்விடுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் நிரந்தர ஆராய்ச்சி வேலையில் உட்காருபவர்கள் 3.5 பேர். பேராசிரியர் ஆகிறவர்கள் 0.45 பேர். அதாவது 200 பேரில் ஒருவர்கூட முழுசாக இல்லை.

இந்த எண்களைப் பார்த்த பிறகு, பயிற்சியெல்லாம் வீண் வேலை என்று சொல்பவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. 200 பேரை உள்ளே எடுத்து, அந்த ஒரே ஒரு நாற்காலிக்கு மட்டும் எல்லோரையும் தயார்படுத்துவது என்ன நியாயம்? மீதி 199 பேரும் மூன்று, நான்கு வருஷம் உழைத்தவர்கள்தானே!

2019 - அதே பத்து நாள்

2018-ல் உடன்பாட்டை மறுபடி ஆய்வு செய்தார்கள். 2019 செப்டம்பரில் புதிய வடிவம் வந்தது. ஏழு கோட்பாடுகள் மூன்றாகச் சுருங்கின: சூழலும் பண்பாடும், வேலை நிலைமை, தொழில்சார் வளர்ச்சி. பல்கலைக்கழகம், பணம் கொடுப்பவர், ஆராய்ச்சியாளரை நிர்வகிப்பவர், ஆராய்ச்சியாளர் என்று நான்கு தரப்புக்கும் தனித்தனியாகக் கடமைகள். பந்தைத் தட்டிவிட முடியாதபடி! அதில்தான் அந்த எண் வருகிறது. ஆராய்ச்சியாளர் ஒருவருக்குத் தன் வளர்ச்சிக்காக வருஷத்துக்குக் குறைந்தது 10 நாள். பகுதி நேர வேலை என்றால் அந்த விகிதத்தில்.

படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராபர்ட்ஸ் 2002-ல் கேட்டது இரண்டு வாரம். வாரத்துக்கு ஐந்து வேலை நாள். இரண்டு வாரம் என்றால்?

பத்து நாள்.

17 வருஷத்தில் எண் ஒரு நாள்கூட நகரவில்லை! மாறியது வேறு. 2002-ல் அந்தப் பத்து நாளுக்குப் பின்னால் தனியாக ஒதுக்கிய பணம் இருந்தது. 2019-ல் கையெழுத்து இருந்தது. அதற்கென்று தனிப்பணம் இல்லை. 1996-ல் இருந்ததும் கையெழுத்துதானே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வித்தியாசம் உண்டு. 1996 உடன்பாட்டில் நல்ல வார்த்தைகள் இருந்தன. 2019-ல் எண்ண முடிகிற ஒரு விஷயம் இருக்கிறது. 'போதுமான பயிற்சி கொடுத்தோம்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். 'பத்து நாள் கொடுத்தோம்' என்று சொன்னால், கொடுத்தார்களா இல்லையா என்று எண்ணிப் பார்த்துவிடலாம்.

பத்து நாளால் ஆகாதது

இதோடு முடித்தால் சுபம் போட்ட சினிமா மாதிரி ஆகிவிடும். உண்மை அப்படி இல்லை. 2002 அக்டோபரில் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. ஒரே இடத்தில் நான்கு வருஷத்துக்கு மேல் அடுத்தடுத்த ஒப்பந்தங்களில் வேலை பார்த்தால், தகுந்த காரணம் காட்டாதவரை அவர் நிரந்தரப் பணியாளராகவே கருதப்படுவார் என்ற சட்டம். அப்படி இருந்தும், 2010களின் முடிவில் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி மட்டும் செய்யும் பணியாளர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பேர் தவணை ஒப்பந்தத்தில்தான் இருந்தார்கள். 2020-ல் வெல்கம் அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வில், ஆராய்ச்சியைப் பிழைப்பாக வைத்துக்கொள்வதில் பாதுகாப்பாக உணர்கிறோம் என்று சொன்னவர்கள் 29 சதவீதம் மட்டுமே.

நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவருக்கு 'பணித் திட்டமிடல்' வகுப்பு நடத்துவதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. பயிற்சியால் ஒருவருக்கு அடுத்த கதவைத் தட்டத் தைரியம் வரும். கதவின் எண்ணிக்கை கூடாது. இதைப் பயிற்சி கொடுப்பவர்களும் மறந்துவிடக் கூடாது, வாங்குபவர்களும் மறந்துவிடக் கூடாது.

அக்காவின் கேள்விக்கு வருவோம்

"அந்த ரெண்டு நாள் உன் வேலையை யார் பார்ப்பா?"

இத்தனையும் படித்த பிறகு எனக்குத் தோன்றும் பதில் இதுதான். அந்த இரண்டு நாளும் வேலைதான். எழுதத் தெரியாமல் ஆராய்ச்சி செய்தால் அது லேப் நோட்டிலேயே தங்கிவிடும். ஆனால் இந்த பதிலை ஒரு மாணவி தன் கைடிடம் தனியாக நின்று சொல்ல முடியாது. சொல்ல வைப்பதும் நியாயம் இல்லை. பிரிட்டன் கதையில் நான் கற்றுக்கொண்டது அதுதான். கைடு நல்லவரா கெட்டவரா என்பதைப் பொறுத்து இது இருக்கக் கூடாது. பொதுவான இடத்தில், எண்ணோடு, எழுத்தில் இருக்க வேண்டும். முடிந்தால் பணத்தோடு.

ராமானுஜனுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கப் பலர் கடிதம் எழுதி, விதியைத் தளர்த்த வேண்டியிருந்தது. அவர் ராமானுஜன், அதனால் தளர்ந்தது. மற்றவர்களுக்கு, தளர்த்தத் தேவையே இல்லாத ஒரு விதி முதலிலேயே இருந்தால் போதும்.

இதை எழுதி முடித்ததும் அக்காவிடம் காட்டினேன். பொறுமையாகப் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா 'காய்ச்சல்'னு எழுதியிருக்கியே, சார் படிச்சா?" என்றார். சார் இதையெல்லாம் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் வெளியிடுகிறேன் :)

உங்கள் இடத்தில் எப்படி? இந்த மாதிரி வகுப்புகளுக்கு உண்மையைச் சொல்லிவிட்டுப் போக முடிகிறதா, இல்லை அங்கேயும் காய்ச்சல்தானா? சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன்.